அலுமினியத்தில் துருப் பிடிக்காது

அலுமினியத்தில் துருப் பிடிக்காது. முறைப்பாட்டுக் கடிதத்தின் இரண்டாவது வரியில் 'நான்கு உலோகக் குழாய்களையும் துருப்பிடிக்கச் செய்தமை' என்று இருக்கிறது. துரு என்பது இரும்புக்கு மட்டும் உரிய வியாதி. செம்பில் பிடிப்பது களிம்பு. பித்தளை முதலில் கறுக்கும், பிறகு புள்ளி புள்ளியாய்ப் பச்சை போடும். அலுமினியம் வெள்ளை பூக்கும். உப்புப் பட்டால் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழும். கடிதத்தை எழுதிய ஜெயரூபன் கனடாவில் கணக்காளராக இருப்பவர். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு மனிதனைக் குற்றவாளி என்று எழுதும்போது குற்றத்தின் பெயரையாவது சரியாக எழுத வேண்டும்.

மத்தியஸ்த சபையார் மூன்று நிபந்தனைகளை வாசித்தீர்கள். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். புதிய காற்றுமணி ஒன்று வாங்கிக் கொடுக்க வேண்டும். இரண்டு வளவுக்கும் நடுவில் இருக்கும் மதிலை எட்டடிக்கு உயர்த்த நான் சம்மதிக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் இப்போதே கையெழுத்து வைக்கிறேன். மூன்றாவதற்கு வைக்க முடியாது. ஏன் என்று விளக்கத்தான் இதை எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை "இரண்டு வசனத்திலை சொல்லுங்கோ ஐயா" என்றீர்கள். இரண்டு வசனத்தில் சொன்னால் நான் செய்தது ஏதோ கெட்ட காரியம் மாதிரித் தோன்றும்.

என் பெயர் பஞ்சலிங்கம். வயது எழுபத்தாறு. பள்ளிக்கூட விஞ்ஞான ஆய்வுகூடத்தில் முப்பத்திரண்டு வருடம் உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் 'அசிட் பஞ்சலிங்கம்' என்பார்கள். மரியாதையில்தான். மனைவி காலமாகிப் பதினைந்து வருடம். எனக்குப் பிள்ளைகள் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் கனகாம்பிகை, வயது எழுபத்தொன்று. கணவர் இல்லை, பிள்ளைகள் நாலு பேரும் வெளிநாட்டில். எங்கள் மதில் நெஞ்சளவு உயரம். சபையார் ஒருமுறை வந்து பார்க்கலாம். வடிவான மதில்.

நாலு வருடத்துக்கு முன் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த மூத்த மகன் ஜெயரூபன் தாய்க்கு ஒரு காற்றுமணி கொண்டுவந்தார். வட்டப் பலகை ஒன்றில் நாலு குழாய்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு உலோகம். நடுவில் ஒரு மரக்கட்டை. காற்று வந்தால் கட்டை நாலையும் மாறி மாறி முட்டும். கனடாவில் அதை மன அமைதிக்கென்று விற்கிறார்களாம். குசினி விறாந்தையின் மூலையில், என் படுக்கையறைச் சன்னலுக்கு நேரே கொழுவினார். இடைத்தூரம் பன்னிரண்டடி நாலங்குலம். அளந்து வைத்திருக்கிறேன்.

ஒரு கிழமைக்குள் கனகாம்பிகை குழாய்களுக்குப் பெயர் வைத்துவிட்டார்.

"இரும்பு மூத்தவன், லிங்கண்ணை. செம்பு லண்டனிலை இருக்கிற கோபிகா. பித்தளை சுவிஸ்காரன் தனோஜன். உந்தச் சின்னக் குரல் கேக்குதெல்லே, அலுமினியம், அது எங்கடை ஆரபி."

"நடுவிலை கிடக்கிற கட்டை?"

"அது நான்தான். நாலு பேரையும் முட்டிக்கொண்டு திரியிறது வேறை ஆர்?"

காற்றுமணி வருவதற்கு முன் நாங்கள் இருவரும் தினமும் பின்னேரம் நாலு மணிக்குத் தேத்தண்ணிக் கோப்பையோடு மதிலடிக்கு வருவோம். ஊரில் யார் வீடு விற்கிறார்கள், யாருக்குச் சீனி வருத்தம், மீன்காரன் இன்று என்ன பொய் சொன்னான் என்று அவர் சொல்லுவார், நான் கேட்பேன். மணி வந்த பிறகு அவர் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மணிக்கு முன்னால் உட்கார்ந்தார். அதோடு கதைத்தார். இதை ஒரு விபரத்துக்காகச் சொல்கிறேன். வழக்குக்கு இதில் தொடர்பில்லை. என் பிரச்சினை சத்தம். வயோதிபர் ஒருவருக்கு மத்தியானத்தில் ஒரு மணித்தியாலம் நித்திரை வேண்டும்.

முதல் வருடம் நான் ஒன்றும் செய்யவில்லை. சோளகக் காற்றுத்தான் செய்தது. வைகாசியில் தொடங்கினால் புரட்டாதி வரை அது கடல்நீரேரியைத் துடைத்துக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் வரும். வெளியில் காயப்போட்ட சாறத்தை நக்கிப் பார்த்தால் கரிக்கும். புத்தூரில் என் தங்கச்சி வீட்டில் ஒரு புது ஆணியும் அரியாலையில் என் வீட்டில் ஒரு புது ஆணியும் தொங்கவிட்டுப் பார்த்தேன். புத்தூர் ஆணி ஆறு மாதம் மினுங்கிக்கொண்டிருந்தது. அரியாலை ஆணி பத்தொன்பதாம் நாள் சிவந்தது. ஆகவே இரும்புக் குழாய் முதலில் விழுந்ததில் அதிசயமில்லை. முதலில் செம்மண் தூவியது மாதிரி, பிறகு பொருக்கு. 'டிங்' என்று நீண்டு போன சத்தம் 'டொக்' என்று நின்றது.

கனகாம்பிகை பயந்துபோய் ஜெயரூபனுக்குப் போன் எடுத்தார். "மோனை, உனக்கு என்ன செய்யுது, உண்மையைச் சொல்லு." அவருக்குப் பிறசர் இருந்திருக்கிறது. அன்று காலையில்தான் டொக்டர் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து காற்றுமணியின் சொல்லுக்கு மேல் சொல் இல்லை. காகம் கரைந்தால் விருந்து, பல்லி சொன்னால் பலன் என்று வளர்ந்தவருக்கு இது ஒன்றும் பெரிய பாய்ச்சல் அல்ல. நான் விஞ்ஞானம் தெரிந்தவன். நாற்பது வயதைத் தாண்டிய எவரையும் திடீரென்று கூப்பிட்டு உனக்கு என்ன செய்யுது என்று கேட்டால் ஏதாவது ஒன்று இருக்கும். இதை நான் அவருக்குச் சொல்லவில்லை. அன்று அவர் மதிலடிக்கு ஓடிவந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்துக்கொண்டிருந்தார். குறுக்கே பேசுவது மரியாதை இல்லை.

இரண்டாவது வருடம்தான் ஆய்வைத் தொடங்கினேன். பதிவு எழுத ஒரு CR கொப்பி. செவ்வரத்தைச் செடிக்கு அடிக்கும் சின்ன ஸ்பிறே போத்தல் ஒன்று. கடல்நீரேரித் தண்ணீர் மூன்று பங்கு, கள்ளைப் புளிக்கவைத்த வினாகிரி ஒரு பங்கு. போத்தலை ஒரு மூங்கில் தடியின் நுனியில் கட்டி, விசைக்கு ஒரு நூல் இழுத்தேன். வெள்ளிக்கிழமைகளில் அவர் பிள்ளையார் கோயிலுக்குப் போய் வர முக்கால் மணித்தியாலம் ஆகும். செம்புக்கு அடித்தேன். மூன்றாம் வெள்ளி கோபிகா மயில் கழுத்து நிறத்தில் இருந்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு வடிவான களிம்பைப் பார்த்ததில்லை. லண்டனில் கோபிகா படியில் சறுக்கிக் கணுக்காலைப் பிரட்டியிருந்தார். தாயின் அழுகையைத் தாங்க முடியாமல் காலில் கட்டோடு விமானம் ஏறி வந்தார். வீடு நிறைந்தது. புட்டும் கணவாய்க் கறியும் மதிலுக்கு மேலால் வந்தன. கனகாம்பிகையும் வந்தார். ஐம்பத்தைந்து நிமிடம்.

பித்தளைக்கு அதிகம் தேவைப்படவில்லை. நாலு வெள்ளி. தனோஜனுக்கு வேர்ப்பல்லில் வலி.

சபையார் கொப்பியைப் புரட்டிவிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் ஏன் இரண்டு நிரல் என்று கேட்டீர்கள். முதல் நிரல் குழாய்களின் நிலை. இரண்டாவது, மதிலடியில் கனகாம்பிகை கதைத்த நிமிடங்கள். ஆய்வு என்றால் எல்லாவற்றையும் பதிய வேண்டும். எது பிறகு உதவும் என்று தெரியாது.

ஆரபியின் குழாயில் நான் ஒருநாளும் அடிக்கவில்லை. இதைத் தயவுசெய்து தனியாகப் பதியவும். கடைசிப் பிள்ளை ஆரபி நோர்வேயில் இருக்கிறார். தான் விரும்பியவரைக் கட்டியதில் தாயோடு கதை இல்லை, சகோதரங்களோடும் இல்லை. மூன்று வருடமாய்ப் போன் இலக்கம்கூட யாரிடமும் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளையின் குழாயைத் தொட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் செம்பும் அலுமினியமும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. செம்புக்கு நான் விடாமல் அடித்துவந்த உப்புத்தண்ணீர் களிம்போடு வழிந்து காற்றில் அலுமினியத்தில் தெறித்தது. செம்பு கரைந்த தண்ணீர் பட்டால் அலுமினியம் தன்னையே கரைத்துக்கொள்ளும். அக்காவின் குழாய் தங்கச்சியின் குழாயைத் தின்றது. இது குடும்ப விடயம். நான் தலையிடவில்லை. கயிறு போகும் துளையின் ஓரம் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று மட்டும் கிழமைக்கு ஒருதரம் பார்த்துக் கொப்பியில் எழுதினேன். கடைசிப் பதிவு: 'ஒரு நூல் தடிப்பு. வெகு நேர்த்தி.'

இந்த வருடம் பங்குனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு பத்துக்கு அது விழுந்தது. வாடைக்காற்று முடிந்து சோளகம் இன்னும் தொடங்காத நாட்கள். வாழையிலை கூட அசையவில்லை.

கனகாம்பிகை குழாயை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மதிலடிக்கு வந்தார்.

"லிங்கண்ணை, நீங்கள் படிச்ச மனுசன். காத்தில்லாமல் உது விழுமே?"

"விழாது" என்றேன்.

"அப்ப?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பது குற்றம் என்றால் எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் வெளியில் இருக்க முடியாது.

ஜெயரூபன் ஆரபியின் பழைய இலக்கத்துக்கு அடித்துப் பார்த்தார். பிறகு தாயைப் போனில் எடுத்தார். "அம்மா, லைன் போகேல்லை. ஒரு பொம்பிளை நோர்வேப் பாசையிலை என்னவோ சொல்லுறா. குரல் துக்கமாய்க் கிடக்கு." அது இலக்கம் பாவனையில் இல்லை என்று சொல்லும் இயந்திரம். எனக்கு உடனே விளங்கியது. மற்றவர்களுக்கு வேறு மாதிரி விளங்கியது. பின்னேரமே விறாந்தை நிறைந்துவிட்டது. சபையாருக்கும் தெரியும், இப்போது எங்கள் ஊரில் நடக்கும் செத்தவீடுகளில் பாதிக்கு உடல் இருப்பதில்லை. உடல் ரொறன்ரோவில் இருக்கும், பாரிசில் இருக்கும். அழுகை இங்கே இருக்கும். உடல் எங்கே என்று கேட்கும் பழக்கம் எங்களுக்கு எப்போதோ விட்டுப்போய்விட்டது.

தனோஜன் ஒருவர்தான் சந்தேகப்பட்டார். சுவிசிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"ஐயா, வடிவாய் விசாரிச்சிட்டு நோட்டீஸ் அடிப்பமே?"

"விசாரிக்கலாம் தம்பி. ஆனால் நாள் தள்ளிப்போனால் எட்டுச்செலவு எந்த நாளிலை வைக்கிறது?"

எட்டாம் நாள் படையல் பிந்தக் கூடாது என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

எங்கள் ஒழுங்கையில் மரண அறிவித்தல் எழுதுவது நான். 'அரியாலையைப் பிறப்பிடமாகவும் நோர்வே ஒஸ்லோவை வதிவிடமாகவும் கொண்ட திருமதி ஆரபி அவர்கள்' என்று தொடங்கினேன். குழாய் விழுந்த நேரத்தை நோர்வே நேரத்துக்கு மாற்றி, 'காலை 7.40 மணியளவில் இறைபதம் அடைந்தார்' என்று எழுதினேன். பிழையான நேரத்தைப் போட எனக்கு மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. தொடர்புக்கு என் பெயரையும் போன் இலக்கத்தையும் போட்டேன். வியாழக்கிழமை அது மின்கம்பங்களில் ஒட்டப்பட்டது, இணையத்திலும் வந்தது. முப்பத்தோராம் நாள் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்கு வெண்பாக்களையும் தொடங்கினேன். ஒன்பதாவதில் ஈற்றடி தளை தட்டியது. அந்த நாட்களில் என் நித்திரையைக் கெடுத்தது அது ஒன்றுதான்.

கனகாம்பிகை சாப்பிடவில்லை. நான் மதிலுக்கு மேலால் கொடுத்த தேத்தண்ணியை மட்டும் குடித்தார். கதிரையை மதிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். ஆட்கள் வருவார்கள், போவார்கள். அவர் என்னோடுதான் கதைத்தார். தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து சாவகச்சேரிக்கு நடந்தபோது ஆரபி இடுப்பில் இருந்ததும், மழையில் நனைந்தபடி சிரித்துக்கொண்டு வந்ததும் சொன்னார். வெள்ளிக்கிழமை, இதுவரை யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"கடைசியாய்க் கதைச்ச அண்டைக்கு அவள் சொன்னவள், 'அம்மா, இனி நான் செத்துப்போனன் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ' எண்டு. நான் என்ன சொன்னனான் தெரியுமே அண்ணை? 'சரி' எண்டனான். உந்த ஒரு சொல்லு. பிள்ளை மூண்டு வருசம் காத்திருந்து பாத்திட்டு, அம்மா சொன்னபடி செய்திட்டுது."

நெற்றியை மதில் விளிம்பில் வைத்து அழுதார். மதிலின் உயரம் அதற்குச் சரியாக இருந்தது. அன்று ஒரு மணி நாற்பது நிமிடம். கொப்பியில் அதுவரை பதிந்ததில் அதிகூடிய அளவு.

சனிக்கிழமை காலை என் போன் அடித்தது. வெளிநாட்டு இலக்கம்.

"லிங்கம் மாமாவோ? நான் ஆரபி."

"எந்த ஆரபி?" என்று கேட்டேன். கவனமாக இருக்க வேண்டிய காலம்.

"நீங்கள் நோட்டீஸ் போட்ட ஆரபி. மாமா, உங்களுக்கு விசரே? நான் பஸ்ஸிலை போய்க்கொண்டிருக்க என்ரை செத்தவீட்டு நோட்டீஸ் எனக்கே வருது. அம்மாவின்ரை போனை ஆரும் எடுக்கினமில்லை. அம்மாட்டைச் சொல்லுங்கோ, நான் சாகேல்லை எண்டு."

"போனிலை சொன்னால் அம்மா நம்பமாட்டா, பிள்ளை" என்றேன். "இப்ப போனிலை ஆரும் எதையும் சொல்லலாம். நீ நேரிலை வந்து சொல்லு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சியது கேட்டது. "வாறன்" என்றார். "அதுவரைக்கும் அம்மாவை எப்பன் பாத்துக்கொள்ளுங்கோ."

பார்த்துக்கொண்டேன். சனி, ஞாயிறு, திங்கள். மொத்தம் ஆறு மணி ஐந்து நிமிடம். ஆரபி உயிரோடு இருக்கிறார் என்பதை நான் சொல்லவில்லை. உறுதிப்படுத்தாத தகவலைப் பரப்புவது பிழை என்று பேப்பரிலேயே போடுகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை எட்டுச்செலவு. ஆரபிக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, தலைவாழை இலையில் படைத்திருந்தார்கள். நண்டுக் கறி, முருங்கையிலை வறை, வடை, பக்கத்தில் ஒரு கப் ஐஸ்கிறீம். படத்துக்கு மாலை போட்டிருந்தது. வாசலில் ஒரு வான் வந்து நின்றது. ஆரபி சூட்கேசை இழுத்துக்கொண்டு விறாந்தையில் ஏறினார். இரண்டு பேர் மதில் பாய்ந்து என் வளவுக்குள் விழுந்தார்கள். கனகாம்பிகை முதலில் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. பாதத்தைப் பார்த்தார். அது நிலத்தில் பட்டிருந்தது.

ஆரபி இலைக்கு முன்னால் குந்தினார். "உது ஆருக்குப் படைச்சது?"

கனகாம்பிகை சொன்னார். "உனக்குத்தான்."

"அப்ப நான் சாப்பிடலாம்தானே. ரண்டு பிளேனிலையும் ஒழுங்காய்ச் சாப்பாடு தரேல்லை."

தன் படத்துக்கு முன்னால் இருந்து நண்டுக்காலை உடைத்துச் சாப்பிட்டார். கனகாம்பிகை பக்கத்தில் இருந்து அவரின் முதுகைத் தடவிக்கொண்டேயிருந்தார். முதுகு இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி. நான் இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அது என்னால் நடந்தது. மூன்று வருடமாய் ஒரு குடும்பத்தால் செய்ய முடியாததை ஒரு ஸ்பிறே போத்தல் செய்தது. சபையார் இதையும் என் பக்கத்தில் சேர்க்க வேண்டும்.

பிறகுதான் ஆரபி கையை நக்கிக்கொண்டே, "லிங்கம் மாமாட்டைச் சனிக்கிழமையே சொன்னனானே, சாகேல்லை எண்டு" என்றார். எல்லோரும் மதிலைப் பார்த்தார்கள். நெஞ்சளவு மதிலுக்குப் பின்னால் ஒரு மனிதன் ஒளிவது கஷ்டம். ஆரபி எழுந்து போய் விழுந்த குழாயை எடுத்தார், துளையைப் பார்த்தார், செம்புக் குழாயை மணந்து பார்த்தார்.

"வினாகிரி. மாமா, உதை எனக்கு ஓஎல் சோதினைக்கு நீங்கள்தான் காட்டித் தந்தனீங்கள்."

நல்ல மாணவி. அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

இப்போது மூன்றாம் நிபந்தனைக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு பதிவைத் திருத்த வேண்டும். கொப்பியில் குழாய் விழுந்த செவ்வாய்க்கிழமைக்கு முந்திய பக்கத்தைப் பாருங்கள். இரண்டாவது நிரலில் இருபத்துமூன்று நாள் தொடர்ச்சியாகப் பூச்சியம் இருக்கும். பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருந்த நாட்கள் அவை. கனகாம்பிகை மணிக்கு முன்னால் உட்கார்ந்து அந்தச் சின்னக் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். காற்றில்லாமல் விழுமா என்று என்னைக் கேட்டார். விழாது என்றேன். அது உண்மை. ஒரு நூல் தடிப்பு இன்னும் ஒரு கிழமையாவது தாங்கியிருக்கும். என் சன்னலுக்கும் மணிக்கும் இடையில் பன்னிரண்டடி நாலங்குலம். முருங்கைக்காய் பறிக்கும் என் கொக்கைத்தடி பதின்மூன்றடி. மெதுவாகத்தான் தட்டினேன்.

ஆகவே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். செம்பையும் பித்தளையையும் கெடுத்தது நான். அலுமினியத்தை விழுத்தியது நான். உயிரோடிருந்த பிள்ளைக்கு மரண அறிவித்தல் எழுதியதும், அந்தப் பிள்ளை உயிரோடிருப்பதைத் தாய்க்கு மூன்று நாள் மறைத்ததும் நான். மதிலை மட்டும் உயர்த்த வேண்டாம். எட்டடி மதில் வந்தால் சோளகம் தடைப்படும். கனகாம்பிகையின் முருங்கை காய்க்காது. முழுக்க அவரின் நன்மைக்காகச் சொல்கிறேன்.

ஆரபி ஒரு மாதம் நின்றுவிட்டு நோர்வேக்குத் திரும்பிவிட்டார். ஒவ்வொரு நாளும் தாயோடு கதைக்கிறார். காற்றுமணியைக் கழற்றிவிட்டார்கள். கனகாம்பிகை இப்போது தினமும் நாலு மணிக்கு மதிலடிக்கு வந்து என்னைப் பேசுகிறார். கொலைகாரா என்கிறார், நாசமாய்ப் போவாய் என்கிறார், என் பரம்பரையில் ஒருவரையும் விடுவதில்லை. குறைந்தது நாற்பது நிமிடம். ஒருநாளும் தவறவில்லை. நான் மூன்றரைக்கே முகம் கழுவி, வெளுத்த சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, மதிலடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

நான் இவ்வளவையும் செய்தது சத்தம் தாங்க முடியாமல்தான் என்பதைச் சபையார் மறந்துவிட வேண்டாம்.